ஈஸ்ட்எண்ட்: வரலாமா, வாழலாமா?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், தென்மேற்கு மூலையில் இருக்கிறது ஈஸ்ட்எண்ட். 500, 600 பேர் வாழும் புல்வெளி ஊர். நர்ஸ் வேலைக்காக வந்து ஏழு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். பலரும் கேட்டதற்கு என் பதில்கள் இவை.

கேள்வி (கால்கரி): அக்கா, பிள்ளைகளோடு ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வரும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

முதலில் ஸ்காட்டி என்ற டைனோசர். 1991-இல் இந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ராபர்ட் கெப்ஹார்ட், ஆய்வாளர்களோடு பள்ளத்தாக்கில் புதைபடிவம் தேடப் போனபோது ஒரு பல்லும் ஒரு வால் எலும்பும் கண்டெடுத்தார். அந்த இடத்தில் புதைந்திருந்தது 13 மீட்டர் நீள டைரனோசாரஸ் ரெக்ஸ். உயிரோடு இருந்தபோது சுமார் 8,800 கிலோ எடை இருந்திருக்கும் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். மலைச்சரிவை ஒட்டிக் கட்டிய டி.ரெக்ஸ் டிஸ்கவரி சென்டரில் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். திறந்திருக்கும் நாட்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அன்றே திரும்பிவிட வேண்டாம், ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ): படங்களில் வெறும் பொட்டலாகத் தெரிகிறதே, அலுப்புத் தட்டாதா?

நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இறங்கி நடந்தால்தான் புல்வெளி பிடிபடும். இந்த ஊர் சைப்ரஸ் குன்றுகளின் கிழக்கு முனையில் இருக்கிறது, பெயரும் அதனால் வந்ததுதான். குன்றுகளில் வெள்ளைக் களிமண் பட்டை பட்டையாகத் தெரியும். பக்கத்து ஆல்பர்ட்டா மாகாணத்தின் மெடிசின் ஹாட் நகரில் பானை, ஜாடி செய்ய அந்த மண் இங்கிருந்து போயிருக்கிறது. ஊரைச் சுற்றி வளைந்து ஓடும் ஃபிரெஞ்ச்மன் ஆறு தெற்கே அமெரிக்காவின் மொன்டானாவுக்குள் போய், மிசௌரி, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவைச் சேர்கிறது. பாலத்தில் நிற்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

மே மாதக் காலையில் வேலிக்கம்பத்தில் மெடோலார்க் பறவை உட்கார்ந்து பாடும். மழை விட்டதும் சேஜ் செடியின் வாசனை எழும். எழுத்தாளர் வாலஸ் ஸ்டெக்னர் சிறுவனாக 1914 முதல் 1920 வரை வளர்ந்தது இங்கேதான். அவர் குடும்பத்தின் வீட்டில் இன்று எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்து தங்கி வேலை செய்கிறார்கள்.

கேள்வி (பிராம்ப்டன்): வேலை கிடைத்தால் குடும்பத்தோடு வந்துவிடலாமா? தனிமையாக இருக்காதா?

முதல் குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே என் கார் பனியில் சிக்கிக்கொண்டது. பத்து நிமிடத்தில் ஒரு விவசாயி டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டார். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "சனிக்கிழமை பனிச்சறுக்குத் திடலில் சமையலுக்கு ஆள் வேண்டும், வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். போனேன், இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். பனிச்சறுக்குத் திடல், நூலகம், இறுதிச்சடங்குச் சாப்பாடு எல்லாமே ஊர்க்காரர்கள் கைகோத்தால்தான் நடக்கும். டொராண்டோவில் நான் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு வாரம் தலை காட்டாவிட்டால் கதவைத் தட்டுவார்கள். நான் இந்த ஊரை விடாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. உங்கள் வீட்டு விஷயம் ஊருக்கே தெரியும். சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் ஸ்விஃப்ட் கரண்ட் நகரத்துக்கோ அதைத் தாண்டியோ போக வேண்டும். கறிவேப்பிலை கால்கரியிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. வீட்டில் இருவருமே வண்டி ஓட்டத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டத் தெரியாதவர் மனம் வாடிப்போவார். அப்படி வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (வான்கூவர்): குளிர்?

மைனஸ் 30 வரும். ராத்திரியில் காரின் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகிவைப்பது பல் துலக்குவது போலப் பழகிவிடும்.

கேள்வி (ரெஜைனா): கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவையும் சேர்த்துப் பார்க்கலாமா?

அவசியம் பாருங்கள். வால் மரி என்ற சிற்றூர் வழியாகப் போக வேண்டும், இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நூறு வருடத்துக்கும் மேலாகப் பைசன் என்ற காட்டெருமைகளே இல்லாத அந்த மண்ணுக்கு, 2005-இல் ஆல்பர்ட்டாவின் எல்க் ஐலாந்து தேசியப் பூங்காவிலிருந்து 71 பைசன்களைக் கொண்டுவந்தார்கள். இன்று பல நூறாகப் பெருகியிருக்கின்றன. 100 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். மழை பெய்திருந்தால் மண் சாலையில் இறங்காதீர்கள், களிமண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். போர்வை ஒன்று எடுத்துப் போங்கள். இருட்டியதும் வண்டி விளக்கை அணைத்துவிட்டு, கண் பழக இருபது நிமிடம் காத்திருந்தால் பால்வீதி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை தெரியும்.