காமா பெயர் வைத்த பிரேசில் கிளப்பை நம்மவர்கள் ஆதரிக்கலாமா?

ரியோ டி ஜெனிரோவில் வாஸ்கோ ட காமா என்ற பெயரில் ஒரு கால்பந்துக் கிளப் இருக்கிறது, அதன் சட்டையை ஓர் இந்தியர் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்தேன், கோழிக்கோட்டில் இறங்கியவன் பெயரை நெஞ்சில் சுமக்கும் அளவுக்கு அந்தக் கிளப்புக்கு அப்படி என்ன வரலாறு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கல்லூரி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருக்கும், யூரோப்பியன் லீக் மட்டும் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். அந்தச் சட்டை என்னிடமும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில்.

காமாவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1502-இல் இரண்டாம் முறை வந்தபோது மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர்கள் கப்பலை, பெண்கள் குழந்தைகள் உள்ளே இருக்கக் கொளுத்தியவர் அவர். இதை எனக்குக் கருத்துப் பெட்டியில் வந்து யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

கிளப்பின் பெயருக்குக் காரணம் எளிது. 1898 ஆகஸ்ட் 21 அன்று ரியோவில் பிழைக்க வந்த போர்ச்சுகீசியர்கள் சிலர் சேர்ந்து ஒரு படகுப் போட்டிச் சங்கம் தொடங்கினார்கள். பெரும்பாலும் கடைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள். காமா இந்தியாவுக்கு வழி கண்டு அது 400-ஆம் ஆண்டு. ஊர் நினைப்பில் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். கறுப்புச் சட்டையில் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டை அந்தக் கடல்வழியைக் குறிக்கிறது என்பார்கள். கால்பந்துப் பிரிவு தொடங்கியதே 1915-இல்தான். 1904-லேயே காந்திதோ ஜோசே த அராவுஜோ என்ற கலப்பினத்தவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த சங்கம் அது. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-இல். பதினாறு வருட இடைவெளி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2009-இல் நான் தேர்ட் இன்ஜினியராக இருந்த சப்ளை கப்பல் ரியோ பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்யும் வெளிநாட்டுக் கப்பலில் பிரேசில்காரர்களையும் ஆளெடுக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி வந்த மோட்டார்மேன், அதாவது இன்ஜின் ரூம் தொழிலாளி ஒருவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், கறுப்பர், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சாவோ கொன்சாலோவில் வீடு. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய போர்ச்சுகீசியமும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் தேறும். நான் இந்தியா என்று தெரிந்ததும் முகமெல்லாம் பல்லாகி, "ஷெஃபி (சீஃப்), வாஸ்கோ உங்கள் ஊருக்குத்தானே போனார்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ சம்பந்தி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

அதே கப்பலில் சீஃப் குக் பேப்பூர்க்காரர். கோழிக்கோட்டிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். சேட்டனுக்கு இது தெரிந்ததும் இரண்டு நாள் அந்த மோட்டார்மேனுக்கு மீன் துண்டு சின்னதாகவே விழுந்தது. "காப்பாட்டில் அவன் இறங்கிய இடத்தில் கல் நட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது, இவன் சட்டை போட்டுக்கொண்டு என் மெஸ்ஸுக்குள் வருகிறானா" என்று என்னிடம் குதித்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டிய நிலை. மோட்டார்மேன் கோபப்படவில்லை. "அந்தக் கப்பல்காரனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்கு வாஸ்கோ என்றால் 1923" என்றார்.

அந்த 1923 என்ன என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில்.

அப்போது ரியோவில் கால்பந்து பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. ஃபுளூமினென்சே, ஃபிளமெங்கோ, போட்டாஃபோகோ எல்லாம் அந்த வகை. ஃபுளூமினென்சேக்கு ஆடிய கலப்பின வீரர் ஒருவர் 1914-இல் முகத்தில் மாவு பூசிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. அந்தக் கிளப்காரர்கள் அதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். வாஸ்கோ 1922-இல் கீழ்ப் பிரிவில் ஜெயித்து, 1923-இல் மேலே வந்தது. வந்த முதல் வருடமே சாம்பியன். கோல்கீப்பர் நெல்சன் டாக்சி ஓட்டியவர். அணியில் பெயின்டர் இருந்தார், லாரி டிரைவர் இருந்தார், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் இருந்தார். கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும் கலந்த அணி. ரமோன் பிளாத்தெரோ என்ற உருகுவேக்காரர் பயிற்சியாளர். ஓட விட்டே ஆளைக் கொன்றுவிடுவாராம். மற்றவர்கள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும்போது இவர்கள் கோல் போட்டார்கள். ஜெயித்தால் போர்ச்சுகீசியக் கடைக்காரர்கள் கையில் ஏதாவது கொடுப்பார்கள். அமெச்சூர் காலம், அது முறைகேடுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூட்டை தூக்குபவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எப்படிப் பயிற்சிக்கு வருவான்?

1924-இல் பெரிய கிளப்புகள் சேர்ந்து அமேயா என்று புதிய சங்கம் தொடங்கின. தலைவர் அர்னால்தோ கின்லே, ஃபுளூமினென்சேயின் பெரும்புள்ளி. வாஸ்கோவுக்கு மைதானம் சரியில்லை என்றார்கள், வீரர்களுக்கு ஒழுங்கான தொழில் இல்லை என்றார்கள். கடைசியில், பன்னிரண்டு பேரை நீக்கினால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் யார் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம்மூரில் 'தகுதி' என்ற பெயரில் யார் யாரைக் கழிப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாகவும் இருக்காது.

ஏப்ரல் 7 அன்று வாஸ்கோ தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ் பதில் எழுதினார். பிரேசிலில் அதைச் 'சரித்திரப் பதில்' என்றே சொல்கிறார்கள். அதில் வசவு இல்லை. எங்கள் வீரர்களின் சமூக நிலையை விசாரித்திருக்கிறீர்கள், அவர்கள் தரப்பில் பேச ஆளில்லாத ஒரு மன்றத்தில் தீர்ப்பு சொல்லியிருக்கிறீர்கள். 1923 பட்டத்தை எங்களுக்குப் பெற்றுத் தந்தவர்களை உங்களோடு சேர்வதற்காகப் பலி கொடுப்பது கண்ணியமாகாது. ஆகவே நாங்கள் வரவில்லை. சாராம்சம் இவ்வளவுதான். காமா கொச்சியில் செத்து நானூறு வருடம் ஆன அதே 1924-இல் அவர் பெயரிலிருந்த ஒரு சங்கத்திலிருந்து இந்தக் கடிதம் போனது என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

இப்போது ஒருவர் வருவார், தெரியும். 'கறுப்பு வீரர்களை ஆட வைத்த முதல் கிளப் வாஸ்கோ இல்லை' என்பார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? பங்கூ என்ற பஞ்சாலைக் கிளப்பில் 1905-லேயே ஆடினார்கள். 'கடிதத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, எல்லாம் பிறகு கட்டிய கதை' என்று இன்னொருவர் வருவார். நிராகரித்தவர்களின் காகிதத்திலும்தான் நிறம் என்று எழுதியிருக்காது. எங்கேதான் எழுதி வைத்துவிட்டுச் செய்கிறார்கள்?

வாஸ்கோ அந்த வருடம் பழைய லீகிலேயே ஆடி அங்கேயும் பட்டம் வென்றது. 1925-இல் அமேயாவே இறங்கிவந்து சேர்த்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்காக வீரர்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். மைதானம் இல்லை என்றார்கள் அல்லவா? பத்தாயிரம் உறுப்பினர் சேர்ப்போம் என்று ரசிகர்களிடம் கையேந்தி, ஒரு வருடத்துக்குள் சாவோ ஜானுவாரியோ ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். 1927 ஏப்ரல் 21 அன்று திறப்பு. தென் அமெரிக்காவிலேயே அப்போது அதுதான் பெரியது. திறப்பு ஆட்டத்தில் சாண்டோஸிடம் 3-5 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம்.

மோட்டார்மேன் என்னை அங்கேதான் கூட்டிப்போனார். அதற்குள் ஒரு சிறிய புலம்பல். கரைக்குப் போவது இப்போது எவ்வளவு பெரிய பாடு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கப்பல் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும், கரையில் விளக்கெல்லாம் தெரியும், ஆனால் கரைக்குக் கொண்டுவிட லாஞ்ச் படகு கிடையாது. செலவு யார் ஏற்பது என்று கம்பெனியும் ஏஜென்ட்டும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். 2004-இல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு கேட் பாஸ் வேறு. ஊரில் சொந்தக்காரர்கள் மட்டும் "உனக்கென்னப்பா, உலகம் சுத்துற" என்பார்கள். நான் சுற்றிய உலகத்தில் பெரும்பகுதி இன்ஜின் ரூம்தான். அன்றைக்குக் கேப்டனிடம் கெஞ்சி ஒரு மாலை வாங்கினோம்.

சேட்டன் வரமாட்டேன் என்று முதல் நாள் வரை சொல்லிவிட்டு, லாஞ்ச் கிளம்பும்போது சட்டை மாற்றிக்கொண்டு வந்து ஏறினார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

முகப்பில் போர்ச்சுகீசிய ஓடுகள் பதித்த பழைய கட்டடம். பக்கத்திலேயே பர்ரெய்ரா த வாஸ்கோ என்ற குடிசைப் பகுதி. ஒரு கோலுக்குப் பின்னால் ஸ்டாண்டே இல்லை, லாடம் மாதிரி திறந்து கிடக்கிறது. அங்கே பிரேசில் நட்சத்திர வீரர் ரொமாரியோவுக்குச் சிலை. 2007-இல் தன் ஆயிரமாவது கோல் என்று அவர் கணக்கு வைத்ததை இங்கேதான் பெனால்ட்டியில் அடித்தார். 2008-இல் வரலாற்றிலேயே முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய கிளப் இது. நாங்கள் போனது அந்த இரண்டாம் டிவிஷன் ஆட்டம் ஒன்றுக்கு. கூட்டத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். படகுப் போட்டிக் காலத்திலிருந்து வரும் 'கசாக்கா' கோஷத்தைக் கிழவர்களும் பொடியன்களும் ஒன்றாகப் போட்டார்கள். எதிர் அணி ரசிகர்கள் இவர்களைக் கருவாட்டு மீன் என்று கிண்டல் செய்வார்களாம், போர்ச்சுகீசியருக்கு உப்புக் கண்டமிட்ட காட் மீன் பிடிக்கும் என்பதால். சேட்டனுக்கு அதைச் சொன்னபோதுதான் முதல் முறை சிரித்தார்.

இடைவேளையில் மோட்டார்மேன் பார்போசாவைப் பற்றிச் சொன்னார். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் இறங்கிய பிரேசில் பதினொருவரில் ஐந்து பேர் வாஸ்கோ. கோல்கீப்பர் பார்போசா அவர்களில் ஒருவர், கறுப்பர். உருகுவேயின் கிஜ்ஜியா அடித்த பந்து உள்ளே போனது, 1-2, மரக்கானா ஸ்டேடியமே செத்த வீடானது. அந்தப் பழியை 2000-இல் சாகும் வரை அவர் சுமந்தார். இந்த நாட்டில் அதிகபட்சத் தண்டனையே முப்பது வருடம்தான், நான் ஐம்பது வருடமாக அனுபவிக்கிறேன் என்று அவரே புலம்பியிருக்கிறார். வாஸ்கோக்காரர்கள் மட்டும் அவரை விட்டுக்கொடுப்பதில்லை. 1948-இல் சாண்டியாகோவில் தி ஸ்டெஃபானோ ஆடிய அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டைக் கோல் அடிக்க விடாமல் நிறுத்தித் தென் அமெரிக்கப் பட்டம் கொண்டு வந்தவர் அவர்களுக்கு.

சட்டையை அன்று ஸ்டேடியம் கடையில் வாங்கினேன். இதுவரை குடும்பத்தில் இரண்டு பேர், வாட்ஸாப் குழுவில் எண்ணற்றவர்கள் வரலாறு தெரியுமா என்று கேட்டுவிட்டார்கள். தெரிந்துதான் போடுகிறேன். சென்னையில் வெள்ளைக்கார கவர்னர் மன்றோவின் சிலையைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறார்கள் என்பது புரியவில்லை. உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஆதரிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆதரித்தால் சுகப்பட மாட்டீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2013, 2015, 2020 என்று மூன்று முறை மீண்டும் கீழே இறங்கினார்கள். 2022-இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் கால்பந்துப் பிரிவின் 70 சதவீதத்தை விற்றார்கள், அது நீதிமன்றத்தில் போய் நின்றது. நல்ல நாளைப் பார்க்க வேண்டுமென்றால் 1998-இல் லிபர்டடோரெஸ் என்ற தென் அமெரிக்கக் கிளப் கோப்பையின் அரையிறுதியில் ரிவர் பிளேட்டுக்கு எதிராக ஜூனினியோ அடித்த ஃப்ரீ கிக்கைத் தேடுங்கள். கிளப்பின் நூற்றாண்டில் அந்தக் கோப்பையை வென்றார்கள். அப்புறம் 2000 டிசம்பரில் பால்மெய்ராஸோடு ஆடிய மெர்கோசூல் கோப்பை இறுதி ஆட்டம், முழுசாகப் பாருங்கள். இடைவேளையில் 0-3 என்று இருக்கும். அதோடு மூடிவிடாதீர்கள், ரொமாரியோ ஆட்டம் அதற்குப் பிறகுதான்.