வைரஸ் அடங்கிவிட்டது, சி.டி.4 ஏன் ஏறவில்லை?

கேள்வி: வயது 47. வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றுக்குப் பத்து மாதமாகத் தினமும் குளிசை எடுக்கிறேன். இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லையாம். ஆனால் 140 இல் இருந்த சி.டி.4 மூன்றாம் மாதம் 235, இப்போது 260 தான். கிளினிக்கில் பழக்கமான ஒருவருக்கு 600. மருந்து எனக்கு வேலை செய்யவில்லையா? எதிர்ப்புச் சக்திக்கு லேகியம் எடுக்கலாமா?

பதில்: மருந்து வேலை செய்கிறது. அதற்குச் சாட்சி வைரஸ் அளவுதான், சி.டி.4 அல்ல. அந்த நண்பர் எந்த எண்ணில் தொடங்கினார் என்று கேட்டீர்களா? 450 இல் தொடங்கியவர் 600 ஐத் தொடுவது பெரிய விஷயமில்லை.

சி.டி.4 என்பவை மற்றப் பாதுகாப்புக் கலங்களுக்கு உத்தரவு கொடுக்கும் வெண்குருதிக் கலங்கள். சுகதேகியான பெரியவருக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இருக்கும். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடற்சுவரில் உள்ள சி.டி.4 கலங்களில் பெரும்பகுதி அழிந்துவிடும். இரத்தப் பரிசோதனையில் அது அவ்வளவாகத் தெரியாது. இன்னொன்று, வைரஸ் முழுதாகப் பெருகிக் கொல்லும் கலங்கள் கொஞ்சம்தான். அரைகுறையாக உள்ளே புகுந்த வைரஸை உணர்ந்து தாமாகவே வீங்கி வெடிப்பவைதான் அதிகம். வெடிக்கும்போது கசிவது அழற்சியைக் கிளப்ப, அந்த இடத்துக்கு ஓடிவரும் புதிய கலங்களும் மாட்டிக்கொள்கின்றன.

குளிசை வைரஸின் பெருக்கத்தை நிறுத்துகிறது. இழந்த கலங்களை உடம்புதான் உண்டாக்க வேண்டும். முதல் மூன்று மாதம் உங்களுக்கு விறுவிறுவென ஏறியதற்குக் காரணம், நிணநீர்க் கணுக்களில் முடங்கியிருந்த கலங்கள் இரத்தத்துக்குத் திரும்பியது. அது முடிந்துவிட்டது. இனிப் புதிதாக உருவாக வேண்டும். அதில் பெரும்பங்கு தைமஸ் சுரப்பிக்கு. வயது ஏற ஏற அது சுருங்கும் என்பதால், நாற்பது தாண்டியவருக்கு ஆண்டுக்கு 50, 100 ஏறினாலே நல்லது. 200 க்குக் கீழே தொடங்கிய சிலர் பல ஆண்டு கழித்தும் 500 ஐத் தொடுவதில்லை. எண்ணிக்கையைப் பார்த்துக் காத்திருக்காமல், தொற்று உறுதியானதும் மருந்தைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

235, 260 வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும். தடிமன் காய்ச்சல் வந்தாலும் இறங்கும்.

சரி, லேகியம். வேண்டாம். சி.டி.4 ஐ ஏற்றும் லேகியம் எதையும் எனக்குத் தெரியாது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாத நேரமும் உண்டு. நீங்கள் எடுப்பது டொலுடெக்ராவிர் சேர்ந்த குளிசையாக இருந்தால், இரும்புச்சத்து, கல்சியம், நெஞ்செரிவுக்கான அன்டாசிட் எல்லாம் அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அன்டாசிட் எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, எடுத்து ஆறு மணி நேரம் கழித்தோ குளிசையைப் போடுங்கள். நான் பார்க்கும் பலர் அன்டாசிட்டை மருந்தாகவே கணக்கெடுப்பதில்லை.

எண் மெதுவாக ஏறுகிறது என்ற சலிப்பில் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். உறங்கும் கலங்களுக்குள் வைரஸ் ஒளிந்தே இருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். தென்படாத அளவிலேயே வைத்திருந்தால் உடலுறவில் துணைவிக்குத் தொற்றாது, இதையும் வீட்டில் சொல்லுங்கள்.

சி.டி.4 குறைந்திருக்கும்போது மற்றத் தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமொக்சசோல் குளிசையும் தந்திருந்தால், 200 ஐத் தாண்டிவிட்டோம் என்று நீங்களாக விடாமல் கிளினிக்கில் கேட்டு முடிவெடுங்கள். கொழும்பு 10, டீ சேரம் பிளேசில் உள்ள தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிலையத்தில் சிகிச்சை இலவசம். விடாத இருமல், மூச்சிரைப்பு, இராக் காய்ச்சல், கடும் தலையிடி, பார்வை மங்கல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்; அன்றே போங்கள்.