சின்ன வயதில் வாங்கிய அடிக்கும் பிறகு காதலில் நீளும் கைக்கும் தொடர்பு உண்டா? இதை ஆராய்ந்து பார்க்க முடியுமா?

கேள்வியின் கீழே கேட்டவர் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நானும் அப்பாவிடம் அடி வாங்கித்தான் வளர்ந்தேன், இன்றுவரை ஒருவரையும் தொட்டதில்லை, பிறகு எப்படி?" அந்த வரியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. எனக்கும் ஒரு காலத்தில் அதே கோபம் இருந்தது.

ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து கால்வெஸ்டன் நகரில் இருந்த ஜெஃப் டெம்பிள் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2017 டிசம்பரில் ஒரு குழந்தை மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். 20 வயதை ஒட்டிய 758 பேரிடம் கேட்டார்கள். சின்ன வயதில் அறை, அடி போன்ற உடல் தண்டனை எவ்வளவு அடிக்கடி கிடைத்தது என்பது ஒரு கேள்வி. காதலிக்கும் ஆளை உடல்ரீதியாகத் தாக்கியதுண்டா என்பது மற்றது. 68 வீதமானோர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள், 19 வீதமானோர் துணையைத் தாக்கியதாக ஒப்புக்கொண்டார்கள். வயது, பால், இனம், பெற்றோரின் படிப்பு ஆகியவற்றோடு சிறுவர் துன்புறுத்தல் என்று சொல்லத்தக்க கடும் வன்முறையையும் கணக்கில் தனியே ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும், அடி வாங்கியவர்கள் பக்கம் வாய்ப்பு விகிதம், அதாவது தாக்கியவருக்கும் தாக்காதவருக்கும் உள்ள விகிதம், 29 வீதம் கூடியிருந்தது.

இந்த 29ஐத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அடி வாங்கிய 100 பேரில் 29 பேர் காதலியை அடிப்பார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். அடியே வாங்காத 100 பேரில் 15 பேர் கை நீட்டுகிறார்கள் என்று வையுங்கள். நீட்டியவருக்கும் நீட்டாதவருக்கும் உள்ள விகிதம் 15க்கு 85. அது 29 வீதம் கூடினால், அடி வாங்கிய 100 பேரில் ஏறத்தாழ 18 அல்லது 19 பேர் கை நீட்டுவார்கள். கூடுதல் மூன்று நான்கு பேர், அவ்வளவுதான். மிச்சம் 81 பேர் கேட்டவரைப் போலத்தான். இரவில் லைட் இல்லாமல் சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லாரும் மோதுவதில்லை. அதற்காக லைட் தேவையில்லை என்று ஒருவரும் சொல்வதில்லையே.

அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு விஷயம். கடும் துன்புறுத்தலை ஒதுக்கிய பிறகும் தொடர்பு போகவில்லை. "சும்மா ரெண்டு தட்டுத் தட்டினது" என்று நாங்கள் சொல்வோமே, அந்த இரண்டு தட்டுப் பற்றியும்தான் அந்தக் கணக்கு பேசுகிறது. 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கேலர் என்ற இருவர் 75 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,60,000க்கு மேற்பட்ட பிள்ளைகள். அவர்கள் பார்த்த 17 விளைவுகளில் 13இல் அடிக்கும் பாதகமான விளைவுக்கும் தொடர்பு இருந்தது.

தொடர்புதான், காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்த 100 பிள்ளைகளை அடியுங்கள், அந்த 100 பேரைத் தொடாதீர்கள் என்று பிரித்துவிட்டு இருபது வருடம் காத்திருக்க எந்த ஒழுக்கவியல் குழு அனுமதிக்கும்? ஆகவே இப்படிக் கேட்டறிவதுதான் வழி. கேட்டறிவதில் என்ன நடக்கிறது என்பதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

இலங்கையில் போர் முடிந்து ஓரிரு வருடத்தில், கம்பஸில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கணக்கெடுப்புக்குப் படிவம் நிரப்பும் வேலைக்குப் போனேன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு வீடு. ஐம்பது தாண்டிய ஐயா ஒருவர். சின்ன வயதில் வீட்டில் அடி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "அடியோ? இல்லைத் தம்பி, எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லை." 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். படிவம் முடிந்து பிளேன்ரீ வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னார். பள்ளிக்கூடம் போகாமல் கடற்கரையில் நின்றதற்காக அவருடைய ஐயா அவரை மாமரத்தோடு சேர்த்துக் கட்டி, முசுற்று எறும்புக் கூட்டைத் தலைக்கு மேலே தட்டிவிட்டாராம். "அண்டைக்குத் திருந்தினான் தம்பி!" சாரத்தை ஒதுக்கி, காலில் கயிறு இறுகிய தழும்பையும் காட்டினார். நான் படிவத்தைப் பார்த்தேன். புள்ளடி 'இல்லை'யில் இருந்தது. மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, முதல் சொன்ன பதிலைத்தான் எடுக்க வேண்டும், மாற்றக் கூடாது என்றார்.

எங்கள் ஊரில் அடிக்கு ஒரு அகராதியே போடலாம். குட்டு, நுள்ளு, காது முறுக்கு, அகப்பைக் காம்பு, வேலியில் முறித்த பூவரசங் கம்பு, பள்ளிக்கூடத்துப் பிரம்பு, வெயிலில் முழந்தாளில் இருத்தல். இதில் எதை 'அடி' என்று எண்ணுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அம்மா நுள்ளினது கணக்கில் வராது. மாஸ்ரர் அடித்தது படிப்புக்கு, அதுவும் வராது. இப்படி அடி வாங்கியவர்கள் வாங்காதவர்களின் பக்கத்தில் போய் நின்றால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், ஏறக்குறைய எல்லாரும் வாங்கியிருந்தால் யாரோடு யாரை ஒப்பிடுவது? ஊரே நனைந்திருக்கும்போது மழையில் நனைந்தவருக்குத்தான் தடிமன் வந்தது என்று எப்படிக் காட்டுவது? அதனால்தான் உண்டா இல்லையா என்று கேட்பது இங்கே உதவாது. யார், எதனால், எந்த வயதில், எத்தனை தரம் என்று கேட்க வேண்டும். மறுபக்கமும் அப்படித்தான். அமெரிக்காவில் மரே ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர் 1979இல் வெளியிட்ட அளவுகோலில் 'வன்முறை செய்தீர்களா' என்று கேட்கவில்லை. தள்ளினீர்களா, அறைந்தீர்களா, எதையாவது எறிந்தீர்களா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்கிறது.

காதல் பற்றிய கேள்வி இன்னும் மோசம். விறாந்தையில் தாய் முருங்கையிலை உருவிக்கொண்டு இருக்கும்போது, உள்ளே இருக்கிற 19 வயதுப் பிள்ளையிடம் உங்கள் காதலர் உங்களை அடித்ததுண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும்? முதலில் காதலர் இருப்பதையே சொல்ல மாட்டாள். தனியாக, பெயர் இல்லாமல், தானே நிரப்பிப் பெட்டியில் போடும் படிவம்தான் சரிவரும்.

போரையும் விட்டுவிட முடியாது. வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, போரில் அதிகம் பட்ட பிள்ளைகளும் தகப்பன் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகளும் வீட்டுக்குள்ளும் அதிக வன்முறையைக் கண்டதாகச் சொல்கிறது. ஷெல், இடப்பெயர்வு, குடி, அடி எல்லாம் ஒரே பாயில் படுத்த வீடுகள் எங்கள் வீடுகள். இதில் அடியை மட்டும் உருவி எடுத்து அளப்பது லேசான வேலை இல்லை.

சரி, என் கதை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லாரும் நடந்தபோது எனக்கு 8 வயது. சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பம் இருந்தோம். மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்குத்தான் எங்கள் வெளிச்சம். ஒருநாள் மாலை ஓடி விளையாடும்போது கால் பட்டு அது உடைந்தது. நிலத்தில் ஊறிய மண்ணெண்ணெயை அம்மா பழந்துணியால் ஒற்றிப் பிழிந்து பார்த்தார். ஒரு துளியும் வரவில்லை. பிறகு அகப்பையை எடுத்தார். காம்பு முறியும்வரை அடித்தார். இரவு இருட்டுக்குள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே, "உன்ரை நன்மைக்குத்தானே மோனை அடிச்சனான்" என்றார். அவர் அழுதது எனக்குத் தெரியும், கையில் விழுந்தது எண்ணெய் மட்டும் இல்லை.

பதினைந்து வருடம் கழித்து, பண்ணைப் பாலத்தடி. இரண்டு வருடமாகப் பழகிய பிள்ளை. நாங்கள் ஒருவரை ஒருவர் நீர், உம்மை என்றுதான் கதைப்போம். கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, போகப் போகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவள் சைக்கிளைத் திருப்பினாள். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன். கண்ணாடிக் காப்பு ஒன்று என் உள்ளங்கைக்குள் உடைந்தது. அப்போது என் வாயில் வந்தது, "உன்ரை நன்மைக்குத்தானே சொல்லுறன்."

அவள் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "என்னை நீ எண்டு கதையாதையும். கையை விடும்." விட்டேன். துண்டைப் பொறுக்கிக் கடலுக்குள் எறிந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை இல்லை.

நான் வடமராட்சிக்குப் படிவத்தோடு போனது இதற்கு அடுத்த வருடம். அந்த ஐயாவுக்கு நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு யாராவது ஒரு படிவத்தோடு வந்து, நீர் காதலியை அடித்ததுண்டா என்று என்னைக் கேட்டிருந்தால், ஒரு செக்கன் யோசிக்காமல் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். நான் அடிக்கவில்லையே, பிடித்தேன். பொய் சொல்வதாகவும் நினைத்திருக்க மாட்டேன். அம்மாவின் அடிதான் காரணம் என்றும் சொல்ல வரவில்லை. அதே அகப்பையால் அடி வாங்கிய என் தம்பி ஒரு நாய்க்குக்கூடக் கல் எறிய மாட்டான். அந்த வசனம் மட்டும் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இடையில் சட்டம் பற்றி ஒன்று, இதைக் கேட்கிறவர்களில் அடி வாங்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று இலங்கைக் கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விட்டது. பிரம்பு எல்லா இடத்திலும் போய்விடவில்லை என்பது ஊருக்கே தெரியும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன், மனைவி, சேர்ந்து வாழும் துணை, உறவினர் என்று போகிறது. சேர்ந்து வாழாத காதலன் அதற்குள் வரமாட்டான். அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்றில்லை, தாக்குதல் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம்தான். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. டெக்சாஸ் ஆய்வில் பிள்ளைகளை மட்டும்தான் கேட்டார்கள், அதுவும் வளர்ந்த பிறகு, ஞாபகத்தில் இருந்து. பெற்றோரைக் கேட்டால் என்ன வரும் என்று எனக்கு ஒரு யோசனை. இந்தப் பதிலை எழுதத் தொடங்கிய அன்று அம்மாவிடமே கேட்டேன். இப்போது அவருக்கு 67 வயது, ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை, சாவகச்சேரியில் அந்த வீட்டுக்காரர் தந்த தேங்காயின் எண்ணிக்கைகூடச் சொல்வார்.

"அம்மா, ஜாம் போத்தல் விளக்கு உடைச்சதுக்கு அகப்பைக் காம்பால அடிச்சது ஞாபகம் இருக்கோ?"

"நானோ? நான் எப்ப உனக்கு அடிச்சனான்? கொப்பர்தான் அடிக்கிறவர்."

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை.