இறால் அலர்ஜி இருக்கிறவங்க மீன் கொலாஜன் குடிக்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 48. ரெண்டு வருஷமா படி இறங்குறப்ப முட்டி வலிக்குது, முகத்துலயும் தோல் தொய்ஞ்சு போச்சு. ஃப்ரெண்ட் மரைன் கொலாஜன் பவுடர் குடிக்கிறா, மாட்டுல எடுக்கிறதை விட மீன்ல எடுக்கிறதுதான் உடம்புல நல்லா சேரும்ங்கிறா. எனக்கு இறால் சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிச்சுடும். நான் குடிக்கலாமா?

பதில்: முதல்ல அலர்ஜி விஷயத்தை பேசிடுவோம்மா. இறால் அலர்ஜி வேற, மீன் அலர்ஜி வேற. இறால், நண்டுல பெரும்பாலும் வம்பு பண்ணுறது ட்ரோபோமயோசின்ங்கிற புரதம், மீன்ல பார்வால்புமின். கொலாஜன்ங்கிறது தோல், எலும்பு, குருத்தெலும்புக்கு பலம் குடுக்கிற புரதம். மரைன் கொலாஜன்னு விக்கிறது பெரும்பாலும் மீன் தோல்லயும் செதில்லயும் இருந்து எடுக்கிறதுதான், அதனால மீன் சாப்பிட்டு உங்களுக்கு இதுவரை ஒண்ணும் ஆகலன்னா பயம் கம்மிதான். ஆனா ஒரு இடத்துல மாட்டிப்பீங்க. மூட்டுக்குன்னு வர்ற டப்பாவுல கொலாஜன் கூட குளுக்கோசமைனையும் சேர்த்திருப்பாங்க, அது நிறைய பிராண்டுல இறால் நண்டு ஓட்டுல இருந்து தயாரிக்கிறது, முன்பக்கம் மீன் படம் இருக்கும், இந்த சமாச்சாரம் பின்னாடி பொடி எழுத்துல கிடக்கும், அதை படிக்காம வாங்காதீங்க. இறால் சாப்பிட்டு எப்பவாவது மூச்சு திணறியிருந்தா அலர்ஜி டாக்டரை பாக்காம எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

மீன்தான் நல்லா சேரும்ங்கிறது விளம்பரக்காரங்க பேச்சு. கொலாஜன்ங்கிறது மூணு இழை முறுக்கின கயிறு மாதிரி, முழு மூலக்கூறு கிட்டத்தட்ட 3 லட்சம் டால்டன் (மூலக்கூறோட எடையை சொல்ற அளவு). அதை வேக வெச்சா முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகும், எலும்பு சூப்பை ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள் தளதளன்னு உறைஞ்சு நிக்குதே, அதுதான். ஜெலட்டினை என்சைம் போட்டு இன்னும் பொடிசா வெட்டினா உங்க ஃப்ரெண்ட் குடிக்கிற பவுடர், சில ஆயிரம் டால்டன்தான் இருக்கும், ஆறினாலும் உறையாது. இந்த அளவுக்கு வெட்டினதுக்கு அப்புறம் அது மாடா பன்னியா மீனான்னு குடலுக்கு பெரிய வித்தியாசம் இல்ல. கொலாஜன்லயே பல வகை உண்டு, அதை டைப் 1, டைப் 2ன்னு நம்பர் போட்டு சொல்லுவாங்க; மாட்டுத் தோல்ல டைப் 1, டைப் 3 ரெண்டும் இருக்கும், மீன்ல முக்கியமா டைப் 1. 90கள்ல மாட்டு மூளை நோய் பயம் வந்தப்புறமும், மத காரணத்துக்காகவும் மீன் பக்கம் மவுசு கூடுச்சு, அவ்வளவுதான். செடியில கொலாஜனே கிடையாது, சைவ கொலாஜன்னு யாராவது விக்க வந்தா எதுல இருந்து எடுத்தீங்கன்னு கேளுங்க.

மருத்துவத்துல இதோட உபயோகத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ரத்தம் நிக்க வைக்கிற ஸ்பாஞ்ச், தீக்காயத்துக்கு போடுற ஷீட், அந்தக் காலத்து கேட்கட் தையல் நூல், மாட்டு இதய உறையில செய்யுற வால்வு, எல்லாத்துலயும் விலங்கு கொலாஜன் இருக்கு. பிரேசில்ல திலேப்பியா மீன் தோலையே தீக்காயத்து மேல ஒட்டி வைத்தியம் பண்ணிப் பாத்திருக்காங்க. ஆனா முகத்துல தடவுற கொலாஜன் க்ரீம்? அவ்ளோ பெரிய மூலக்கூறு தோலுக்குள்ள போகாது, மேலாக்க ஈரப்பதம் காக்கும், சாதா மாய்ஸ்சரைசரும் அதைத்தான் செய்யும்.

குடிக்கிற பவுடரால தோல் ஈரப்பதமும் இழுவையும் கொஞ்சம் கூடுதுன்னு சில ஆய்வு சொல்லுது, அதுல நிறைய கம்பெனி பணத்துல நடந்தது, அதனால நான் பாதி காதுலதான் கேக்குறேன். முட்டிக்குன்னா கோழி நெஞ்சு குருத்தெலும்புல எடுக்கிற டைப் 2ன்னு ஒண்ணு இருக்கு, வேக வைக்காத வகை, அது தினம் 40 மில்லிகிராம்தான், பவுடர் மாதிரி 10 கிராம் கணக்கு இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இதுலயும் வலி கொஞ்சம் குறையலாம், தேய்ஞ்ச குருத்தெலும்பு திரும்ப வளரும்னு நம்பி வாங்காதீங்க.

படி இறங்குறப்ப மட்டும் வலின்னா நிறைய பேருக்கு தொடை தசை பலவீனமும் ஒரு காரணமா இருக்கும், பிசியோகிட்ட ரெண்டு எக்சர்சைஸ் கத்துக்கிட்டு தினம் பண்ணுங்க, எடை கூட இருந்தா குறைங்க. முட்டி வீங்கினாலோ, காலையில அரை மணி நேரத்துக்கு மேல இறுகிப் போய் கிடந்தாலோ நேர்ல வந்து காட்டுங்க. அதுக்கப்புறமும் பவுடர் வேணும்னு தோணினா மூணு மாசம் குடிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியலன்னா நிறுத்திடுங்க. முன்னாடி கிட்னி ஸ்டோன் வந்திருந்தா மட்டும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, கொலாஜன்ல இருக்கிற ஹைட்ராக்சிபுரோலின்ங்கிற அமினோ அமிலம் உடம்புல ஆக்சலேட்டா மாறும், நிறைய கிட்னி கல்லு அந்த ஆக்சலேட்லதான் உருவாகுது.