வெறும் ரசாயனமா?

அன்புள்ள ஐயா,

போன வாரம் காட்கோபரில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பஸ் என் துப்பட்டாவை உரசிக்கொண்டு போனது. கை கால் உதறியது. ஆனால் அன்று மாலை முழுக்க மனம் தெளிவாக, காரணமே இல்லாத சந்தோஷத்தில் இருந்தது. மறுநாள் எல்லாம் வடிந்துவிட்டது. மூளையில் திடீரென்று கெமிக்கல் சுரந்ததுதான் காரணம் என்கிறாள் தோழி. அப்படியானால் என் சந்தோஷம் வெறும் ரசாயனம்தானா? மாத்திரையில் அதை வரவழைக்க முடியுமா?

கவிதா, முலுண்ட்

அன்புள்ள கவிதா,

போனைப் பார்த்துக்கொண்டே கடந்தீர்களா? கடிதத்தில் அதை மட்டும் காணோம். மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மறுநாள் வடிந்தது என்றால், வெள்ளம் வடியத்தான் செய்யும்.

1988, மும்பை சயான் ஸ்டேஷன். கிளம்பிவிட்ட லோக்கல் ரயிலில் தொற்றினேன். ஒரு கால் ஏறவில்லை. யாரோ காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். கண்ணெதிரே ஒரு டிபன் கேரியர். மூடியில் தமிழில் புள்ளி புள்ளியாகப் பொறித்த பெயர். மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி கட்டிங் சாய் வாங்கினால் கிளாஸ் கையில் நிற்கவில்லை. பாதி சட்டையில். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூளைத்தண்டில் ‘நீலத்திட்டு’ என்று ஒரு சின்ன இடம். அங்கிருந்து நார்அட்ரினலின் என்ற ரசாயனம் மூளை முழுக்கப் பாய்ந்ததால்தான் அந்தப் புள்ளிகள்கூடக் கண்ணில் பட்டன. கை ஆடியதில் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளுக்கும் பங்கு உண்டு. அவை ரத்தத்தில் கொட்டும் அட்ரினலின் மூளைக்குள் லேசில் நுழையாது.

சரி, அதென்ன ‘வெறும்’? அம்மா வைத்த ரசத்தை வெறும் புளித்தண்ணீர் என்று சொல்லிப் பாருங்கள், கரண்டி பறக்கும். 1924இல் கிரகோரியோ மரன்யோன் என்ற ஸ்பெயின் டாக்டர், 210 பேருக்கு அட்ரினலின் ஊசி போட்டதை எழுதினார். பெரும்பாலோர் படபடப்பு, நடுக்கம் என்று உடம்பைத்தான் சொன்னார்கள். மற்றவர்களில் பலர், ‘பயந்த மாதிரி இருக்கிறது’ என்றார்கள். மாதிரி! ரசாயனம் வந்துவிட்டது, பஸ் வரவில்லை. ஊசியின் வேகம் இருக்கும்போதே செத்துப்போன அப்பா அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தபோதுதான் சிலருக்கு நிஜமாகவே பொங்கியது. ரசாயனம் மட்டும் போதும் என்றால் அப்பா அம்மா எதற்கு? உங்கள் தோழியிடம் கேளுங்கள்.

அத்தனை தெளிவிலும் என்னை இழுத்தவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. அந்த டிபன் மூடியில் இருந்த பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது: செல்லம்மா.

ரோட்டைப் பார்த்து நடங்கள், அம்மா.