ஹெல்மெட்டில் கேமரா பொருத்தி வண்டி ஓட்டுவதில் அப்படியென்ன ஆபத்து இருக்கிறது?

ஹெல்மெட்டில் கேமரா வைப்பது ஆபத்தா என்றும், சிக்னலில் நிற்கும் நேரத்தில் மொபைலில் கேம் விளையாடினால் என்ன தவறு என்றும் இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ உங்களைத் தடுத்திருக்க வேண்டும், அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் தேடித்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் தடுத்தவன் இல்லை. என் அக்கா மகனுக்கு என் கையாலேயே ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்திக் கொடுத்தவன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பொருள்களுக்கான அச்சுகள் செய்யும் பட்டறையில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அக்கா மகன் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நண்பர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வருவதும், அதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவதும் அவன் வழக்கம். கேமராவோடு வந்த ஒட்டுப்பட்டை நம் ஊர் வெயிலில் இரண்டு முறை இளகிவிட்டது. "மாமா, கழலாத மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்க" என்று ஹெல்மெட்டோடு பட்டறைக்கே வந்தான். தாடைப் பகுதியில் 4 மி.மீ. அளவில் இரண்டு துளைகள் போட்டு, உள்ளே வாஷர் வைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கிக் கொடுத்தேன். அசைத்துப் பார்த்தேன், மலை போல நின்றது. எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து, வடநெம்மேலி அருகே சாலையில் படிந்திருந்த மணலில் அவனுடைய முன்சக்கரம் வழுக்கியது. வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது என்று பின்னால் வந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வேகத்தில் விழுந்தவர்கள் முழங்கை தேய்ந்து எழுந்து வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இவன் சறுக்கிக்கொண்டு போனபோது கேமரா நடுத்திட்டின் விளிம்புக் கல்லில் மாட்டிக்கொண்டது. உடல் முன்னே போக, தலை அந்த இடத்திலேயே முறுக்கிக்கொண்டது. சில நிமிடங்கள் நினைவு தப்பியது. கழுத்துத் தசைநார் பிசகி ஆறு வாரம் காலர் போட்டிருந்தான். இன்றைக்கும் இடப்பக்கம் முழுதாகத் திரும்பிப் பார்க்க அவனால் முடியவில்லை. ஒட்டுப்பட்டையோடு விட்டிருந்தால் அந்தக் கேமரா கழன்று தெறித்திருக்கும். கழலாதபடி செய்தது நான்தான்.

மருத்துவமனையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கி வந்து பட்டறை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். விரிசல் சரியாக நான் போட்ட துளையிலிருந்து தொடங்கி, கன்னப்பக்கம் வரை ஓடியிருந்தது. ஓட்டையோ கூர்மையான மூலையோ இருக்கும் இடத்தில்தான் பிளாஸ்டிக் முதலில் பிளக்கும் என்று, புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு வருடந்தோறும் சொல்லிக்கொடுப்பவன் நான். சொந்த வீட்டுப் பிள்ளையின் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபோது அது எப்படி நினைவுக்கு வராமல் போனது என்பதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் கேமராவின் ஆபத்து தானே விளங்கும். வெளி ஓடு வழவழப்பாக, உருண்டையாக இருப்பது அழகுக்காக இல்லை. விழுந்தவுடன் தரையில் தடையின்றிச் சறுக்கிப் போவதற்காகவும், ஒரு புள்ளியில் விழும் அடியைப் பரவலாக்குவதற்காகவும்தான். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. வெளியே ஒரு பெட்டி துருத்திக்கொண்டிருந்தால் சறுக்கல் நின்று தலை சுழல்கிறது. அப்படித் திடீரென்று சுழலும்போது மண்டை ஓட்டுக்குள் மூளை இழுபட்டுக் காயமடைகிறது. அடி நேராகக் கேமராவின் மேல் விழுந்தாலோ, பரவ வேண்டிய விசை முழுவதும் அந்தச் சிறிய இடத்தில் குவிகிறது. நான் உள்ளே வைத்த நட்டு, தெர்மோகோல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் துண்டாக நின்றது. அமெரிக்காவின் தலைக்கவச விதியில், வெளிப்புறத்தில் விறைப்பாகத் துருத்தும் எதுவும் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. கேமராவும் அதன் பிடிமானமும் சேர்ந்தால் அதைப் போலப் பல மடங்கு வெளியே நிற்கும். நம் நாட்டில் 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ஆனால் அந்த முத்திரைக்கான சோதனைகள் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெல்மெட்டுக்குத்தான் நடந்தவை. நானும் நீங்களும் துளைபோட்ட ஹெல்மெட்டை யாரும் சோதிக்கவில்லை. கேரளப் போக்குவரத்துத் துறை 2022-இல் ஹெல்மெட் கேமராக்களைத் தடை செய்து, 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் வரை உரிமம் நிறுத்தமும் அறிவித்தபோது, அதைக் கெடுபிடி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பனிச்சறுக்கில் விழுந்த கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரை யாராவது இங்கே எடுத்துக்காட்டாகக் கொண்டு வருவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 2013 டிசம்பரில் பிரான்சில் நடந்த அந்த விபத்தின்போது அவருடைய ஹெல்மெட்டில் கேமரா இருந்தது உண்மை. அதுதான் காயத்தை மோசமாக்கியது என்று உறுதிப்படவில்லை, ஆகவே நான் அதைச் சான்றாக வைக்கவில்லை. எனக்கு என் பட்டறை மேசையில் கிடந்த ஹெல்மெட் போதும்.

இதைவிட என்னை உலுக்கியது கேமராவில் பதிவாகியிருந்த காட்சி. காலரோடு உட்கார்ந்திருந்த அவனும் நானும் சேர்ந்து பார்த்தோம். விழுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் அவன் பார்வை சாலையில் நிலைத்து நின்ற நேரம் மிகக் குறைவு. பதிவு ஓடுகிறதா என்று இடப்பக்கக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளியைத் தேடுகிறான். கடல் தெரியும் இடைவெளி வந்ததும் படத்தில் விழட்டும் என்று தலையைத் திருப்பி அப்படியே பிடிக்கிறான். மணல் வந்தபோதும் தலை கடல் பக்கம்தான் இருந்தது. "மாமா, நான் ரோட்டைப் பாக்கவே இல்ல" என்றான். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் போகிறோம்; மூன்று நொடி கடலைப் பார்த்தால் 40 மீட்டருக்கு மேல் சாலையைப் பார்க்காமல் கடந்திருக்கிறோம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுதான் தொடர்பு. எங்கள் ஷிப்ட் வேனின் பழைய ஓட்டுநர் பாடி மேம்பாலத்துக்கு முன் நெரிசலில் லூடோ விளையாடுவார். வண்டி நிற்கும்போது மட்டும்தானே என்பது அவருடைய வாதமும். ஆனால் ஆட்டம் சிக்னலோடு முடிவதில்லை. பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகும் அடுத்த காய் யாருடையது என்பது மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும், எதிராளி காத்திருப்பார், கை தானாகத் திரைக்குப் போகும். ஒருநாள் பக்கத்து வரிசை நகர்ந்ததைக் கடைக்கண்ணில் பார்த்து, தன் வரிசையும் நகர்ந்தது என்று எண்ணி மிதித்தார். முன்னால் நின்ற தேநீர் விற்பவரின் சைக்கிள் சாய்ந்து, கொதிக்கும் தேநீர் அவர் காலில் கொட்டியது. 2016-இல் போக்கிமான் கோ என்ற மொபைல் விளையாட்டு வந்த புதிதில் ஜப்பானில் அதை விளையாடியபடி ஓட்டிய ஓட்டுநர்களால் பாதசாரிகள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஒன்பது வயதுச் சிறுவன். வேகமாகப் போகும்போது நீங்கள் பயணிதானா என்று அந்த விளையாட்டே அதே ஆண்டில் கேட்கத் தொடங்கியிருந்தது. ஓட்டிக்கொண்டே 'ஆம்' என்று தொடுபவரை அதனால் என்ன செய்ய முடியும்? தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல், ஓட்டும்போது மொபைல் பயன்படுத்தினால் முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 10,000 ரூபாய் அபராதம்.

கேமரா விபத்துக்குச் சாட்சி என்று சிலர் பதில் எழுதுவீர்கள். அது நியாயமான வாதம், நான் கேமராவுக்கு எதிரி இல்லை. சாட்சி வண்டியில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். மணலை அள்ளாமல் விட்டது யார் என்றும் கேட்பீர்கள். அதற்காக நானும் மனு எழுதினேன், பதில் வரவில்லை, அந்தக் கோபம் எனக்கும் ஆறவில்லை. ஒரே கடையில், ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் அடுக்கியிருக்கும் தட்டுக்குப் பக்கத்திலேயே அதன்மேல் கேமராவைப் பொருத்தும் பிடிமானங்களையும் தொங்கவிட்டு விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாங்கும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாருமில்லை.

காலர் கழற்றிய பிறகு அவன் மறுபடி என்னிடம்தான் வந்தான். ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு தகடு அமைத்து அதில் கேமராவை வைத்தேன். சாவியைத் திருப்பினால் தானாகப் பதிவு தொடங்கும், அணைத்தால் நிற்கும், நடுவில் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. உங்கள் ஹெல்மெட்டில் இருப்பது ஒட்டுப்பட்டை மட்டும்தான் என்றால், தலைமுடி உலர்த்தும் கருவியை எட்ட வைத்து மிதமான சூட்டில் இளக்கி, மீன்பிடி நைலான் நூலால் அறுத்து மெதுவாக எடுத்துவிடுங்கள். ஹெல்மெட்டின் வெளி ஓட்டைக் கெடுக்கும் என்பதால் தின்னரோ பெட்ரோலோ வேண்டாம். துளை போட்டிருந்தால் எம்-சீல் வைத்து அடைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் புதியது வாங்கிவிடுங்கள்.