மார்பகப் புற்றுநோய்: கட்டியை எடுக்கும் முன் ஊசிச் சோதனை

கேள்வி: என் தங்கையின் பயாப்ஸி (திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ‘கிரேடு 3’ என்று உள்ளது. நோய் மூன்றாம் கட்டத்தை எட்டிவிட்டதா?

பதில்: அப்படிப் பொருளில்லை. செல்கள் எவ்வளவு உருமாறியுள்ளன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதையே கிரேடு சொல்கிறது. கட்டம் என்பது கட்டியின் அளவு, அக்குள் நிணநீர்க் கணுக்களின் நிலை, பிற உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பனவற்றை வைத்துக் கணிப்பது.

கேள்வி: ஊடுருவும் டக்டல் கார்சினோமா. என்ன சிகிச்சை?

பதில்: பால் நாளத்தில் தோன்றிச் சுற்றியுள்ள திசுவுக்குள் புகுந்த புற்று இது. ஊடுருவும் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு இதே பெயர்தான். அறிக்கையின் முதல் வரியை மட்டும் எழுதி அனுப்பினால் எதைச் சொல்வது? இ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல்லைப் பெருகத் தூண்டும் புரதம்) ஆகியவை கட்டியில் உள்ளனவா என்ற முடிவுகளோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஊசி குத்தினால் நோய் பரவும் என்று உறவினர்கள் அஞ்சுகிறார்கள். அம்மாவுக்கு 3 செ.மீ. கட்டி. பயாப்ஸி செய்யாமலே எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. ஊசிச் சோதனையால் உயிருக்கு ஆபத்து கூடுவதில்லை. அது இல்லாமல் கத்தி வைப்பதால்தான் இழப்பு நேர்கிறது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று காட்டும் தையல் நூல்கூட இல்லாமல், மூன்று துண்டுகளாக ஃபார்மலின் புட்டியில் வந்து சேர்ந்த கட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாமல், அந்தப் பெண்கள் மீண்டும் அறுவை மேசைக்குப் போக நேர்ந்தது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஹெர்2 பாசிட்டிவ் (ஹெர்2 மிகுந்தது), டிரிபிள் நெகட்டிவ் (இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் இல்லாதது) வகைகளில், கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால், பெரும்பாலும் மருந்தைத்தான் முதலில் தருகிறோம். கட்டி உடலில் இருக்கும்போதே மருந்துக்கு அது கரைகிறதா என்று கண்கூடாகத் தெரியும். பிறகு அறுவையில் எடுத்த திசுவில் நோய் எஞ்சியிருந்தால் அடுத்த மருந்தை அதற்கேற்ப மாற்றவும் முடியும். அவசரப்பட்டு முதலிலேயே வெட்டியெடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வராது. சோதனைக்காகச் செலவாகும் ஓரிரு வாரத்தில் குடி முழுகிவிடாது. ஊசிச் சோதனை முதலில், கத்தி பிறகு.

கேள்வி: மார்பகம் முழுவதையும் எடுத்துவிட்டால் ஆயுள் கூடுமா?

பதில்: தொடக்க நிலை நோயில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் தருவதும் முழுமையாக எடுப்பதும் உயிர்காப்பதில் சமம் என்பதை, 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான இரு ஆய்வுகள் உறுதி செய்தன. கட்டிகள் பல இடங்களில் பரவலாக இருந்தாலோ ரேடியேஷன் தர இயலாவிட்டாலோ முழு அகற்றம் தேவைப்படலாம்.

கேள்வி: ஆண்களுக்கு வருமா?

பதில்: வரும். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் ஆண்கள். காம்புக்கு அடியில் கெட்டியாகக் கட்டி தென்பட்டால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகத் தமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. நிறுத்திவிடவா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைந்தது 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் சாப்பிட வேண்டிய, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலைத் தடுக்கும் மாத்திரை அது. இந்த உடல் கொதிப்பைத் தணிக்க மருந்துகள் உள்ளன. ஆனால் மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெட்டின் போன்ற சில மாத்திரைகள் தமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும் என்பதால், வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.